முக்கால் டம்ளர்

காது குத்துகிற பத்தரை இன்னும் காணோம். வண்டி பஞ்சர் என்று ஒரு தடவை போன் பண்ணியவர் அதற்கப்புறம் நாங்கள் போட்டால் எடுக்கவும் இல்லை, எங்கேயோ டீக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், இங்கே கோயில் வாசலில் மூணு கல்லைக் கூட்டி வைத்த அடுப்பில் நான் பொங்கலைக் கிண்டிக்கொண்டு நிற்கிறேன், காது குத்துகிறவர் வரவில்லை என்று பானைக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குப் பொங்கி வழிந்து, எல்லாரும் குலவை போட்டு முடித்து, வெல்லமும் போட்டாயிற்று, இனிமேல் கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். கிண்டு கோகிலா. புகை கண்ணைக் கரிக்கிறது. வேப்பமரத்தடியில் பாயை விரித்து அண்ணனை உட்கார வைத்திருக்கிறேன், முதுகுக்கு மரம், இடது பக்கம் துணிப்பையை அணையாகக் கொடுத்திருக்கிறேன், சாய்ந்தாலும் விழமாட்டான். அவன் மடியில்தான் என் மகள் பிரகதி உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும், தாய்மாமன் மடி, அதில் உட்காராமல் இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்தினதில்லை. ஆனால் அண்ணனின் மடி சும்மா இருக்காது. தோள் ஒரு பக்கம் குதிக்கும், கழுத்து தானாகத் திரும்பும், விரல்கள் கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியம் வாசிக்கும், முட்டி திடீரென்று எகிறும். புதுசாகப் பார்க்கிறவர்கள் காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்பார்கள், ஒரு சொட்டுத் தொட்டதில்லை பாவி. வேனை விட்டு இறங்கினதுமே என் மாமியார் என் காதோரம் வந்து, "ஏ கோகிலா, ஊசி வைக்கிற சமாச்சாரம். ஒங்க பெரியப்பா மகன் வந்திருக்கானே, அவன் மடியில வச்சுக்கலாம்ல? அவனும் மாமன் முறைதானே" என்றாள். "அத்தை, மாமன் மடியே இருக்கறப்ப மாமன் முறை மடி எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரிப்பு எனக்குக் கூடப் பிறந்தது, எதைச் சொன்னாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும். அத்தை இப்போது வெற்றிலை துடைக்கிற சாக்கில் என் கையைப் பார்க்கிறாள். கரண்டி பிடித்திருக்கிற கையை. நல்லாப் பாரு அத்தை. இது கரண்டி, இது கை, கரண்டி சுற்றுகிறது, அதனால் கையும் சுற்றுகிறது, வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் இல்லைதானே?

நாளைக்குக் காலையில் டவுன் ஆஸ்பத்திரியில் என் இரத்தத்தை எடுக்கப் போகிறார்கள். போகிறார்களா, நான் போகிறேனா, அதுதான் இன்னும் தெரியவில்லை, எல்லாரும் போகிறதாக முடிவு பண்ணிக்கொண்டு எத்தனை மணிக்கு பஸ் என்று பேசுகிறார்கள். அண்ணனுக்கு வந்திருப்பதற்கு வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர் ஒன்று உண்டு, ஹண்டிங்டன், முதல் தடவை கேட்டபோது ஏதோ சைக்கிள் கம்பெனி என்று நினைத்தேன். மூளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ கெட்டுப்போய் உடம்பு தன் இஷ்டத்துக்கு ஆடுகிற நோய். மாத்திரை ஆட்டத்தைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. பெரும்பாலும் முப்பதுக்கு மேல் ஐம்பதுக்குள் வந்து நிற்கும், பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும், எங்கள் அம்மாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கு? அங்கே அதற்கென்றே உட்கார்ந்து பேசுகிற ஒரு மேடம் இருக்கிறார், கண்ணாடி போட்ட, என் வயசே இருக்கிற பெண், அவர் ஒளிக்காமல் சொன்னார், பாதிக்குப் பாதி, காசைச் சுண்டிவிட்ட மாதிரி. உங்களுக்கு இல்லை என்றால் உங்கள் பெண்ணுக்கும் இல்லை, உங்களுக்கு இருந்தால் அவளுக்கும் பாதிக்குப் பாதி. ஒரு ஊசி இரத்தம் போதும், இப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் பின்னால் வருமா வராதா என்று தெரிந்துவிடும். "ஆனா ஒண்ணு யோசிங்க, தெரிஞ்சுகிட்டதை அப்புறம் தெரியாததா ஆக்க முடியாது. வரலாம், வராமலும் இருக்கலாம், பாதியில எந்திரிச்சுப் போனாக்கூட நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். எனக்கு அந்த மேடத்தைப் பிடித்துப்போயிற்று, கெட்ட செய்தியை வைத்திருக்கிறவர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கினேன், டம்ளரின் விளிம்பில் டீ அலைந்தது, எல்லா டீயும்தான் அலையும், கை சூட்டுக்கு நடுங்கும், பஸ் ஸ்டாண்டில் ஈ ஓட்டும்போது டம்ளரே ஆடும், ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குள் ஏதோ ஒன்று பொட்டென்று உட்கார்ந்தது. அன்றிலிருந்து நான் யாருக்கு எதை ஊற்றினாலும் முக்கால் டம்ளர்தான். காபி முக்கால், தண்ணீர் முக்கால், பிள்ளைக்குப் பால் முக்கால். யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் குணசீலன் மட்டும் ஒரு நாள், "என்ன கோகிலா, பால் சொசைட்டிக்காரி வீட்லயே பாலுக்குப் பஞ்சமா?" என்றார். சிரித்தோம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் சிரித்தோம், அவர் கண் டம்ளரில் இல்லை, டம்ளரைப் பிடித்த விரலில் இருந்தது.

பால் சொசைட்டி என்றதும் ஞாபகம் வருகிறது, நாளைக்குக் காலைப் பாலுக்கு யாரை நிற்கச் சொல்லியிருக்கிறேன், செக்ரட்டரியிடம் சொன்னேனா, சொன்னேன். டெஸ்ட் எடுப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஊர்ப் பாலுக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கிறவளே நான்தான். கேனைத் திறந்து, நல்லாக் கலக்கி, ஒரு குவளை எடுத்து, லேக்டோமீட்டரை மெதுவாக விட்டால் அது மிதந்து நின்று சொல்லும், தண்ணீர் கலந்திருக்கா இல்லையா. அந்தக் கண்ணாடிக் குச்சி மிதந்து நிற்கிற ஒரு விநாடி இருக்கிறதே, கேன்காரர்கள் எல்லாரும் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்ப்பார்கள், நான் அந்த நேரத்தில்தான் அவர்களிடம் மாடு எப்படி இருக்கு, மகள் மாசமா இருந்தாளே பிறந்துருச்சா என்று கேட்பேன், கொஞ்சம் லேசாகட்டுமே என்று. சரியில்லாத பாலைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கேனை மூடி, "கொண்டு போங்கண்ணே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பேன், வாங்கிக்கொண்டு போவார்கள், மறுநாள் வருவார்கள். சரி, என்னை டெஸ்ட் எடுத்து, குச்சி தாழ்ந்து போச்சு என்றால், என்னை யாரிடம் திருப்பிக் கொடுப்பீர்கள்? அம்மா இல்லை, அப்பா இல்லை. மூடி போட்டு எந்தப் பக்கம் அனுப்புவீர்கள்? போன மாதம் ஒரு லேக்டோமீட்டர் என் கையிலிருந்து நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. கையெல்லாம் பால், வழுக்கியது. வழுக்கியது என்றுதான் செக்ரட்டரியிடம் சொன்னேன், வழுக்கியதுதான், அதற்கு முன்னாலும் இரண்டு உடைத்திருக்கிறேன், அண்ணனுக்கு நோய் என்றே தெரியாத காலத்தில், அப்போது அது வெறும் உடைந்த கண்ணாடி, கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இந்தத் தடவை உடைந்ததை மட்டும் ஏன் கூட்டி அள்ளாமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்? அதுதான் எனக்குக் கோபம். நோய் வருகிறதோ இல்லையோ, வருவதற்கு முன்னாலேயே வந்து என் வீட்டுப் பாத்திரத்துக்குள்ளெல்லாம் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி.

நெய் ஊற்று, நெய்யை மறந்துவிட்டேன், முந்திரி எங்கே, பிரகதி முந்திரிப் பொட்டலத்தோடு மாமாவிடம் ஓடிவிட்டாள், ஒன்று மாமா வாயில், ஒன்று தன் வாயில், மாமாவின் வாய் எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டு போய்ச் சரியாகப் போடுகிறாள், எனக்குக்கூட அவ்வளவு குறி கிடையாது. காலையில் தலைக்கு ஊற்றும்போது கேட்டாள், "அம்மா, எனக்கும் மாமா மாதிரி ஆடுமா?" ஊற்றின சொம்பு அப்படியே நின்றது. "கண்ண மூடு, சீயக்கா போயிரும்" என்று சொல்லி ஒரு சொம்பு தண்ணீரை அவள் கேள்வி மேலேயே ஊற்றினேன். இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம். அம்மா அஞ்சலைக்கு ஆட்டம் வந்த காலத்தில் அது நோய் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நாங்கள் எந்த டாக்டரிடமும் போகவும் இல்லை, ஊரே சேர்ந்து அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது. இதே கோயில். இதே வாசல். ஆடி வெள்ளியன்று அம்மா கும்பிட நின்றபோது தோள் குதித்தது, தலை சுழன்றது, யாரோ ஒருத்தி "ஆத்தா வந்துட்டா" என்று கத்தினாள், அவ்வளவுதான், மாலை போட்டு, விபூதி அப்பி, கையில் வேப்பிலையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா, "ஐயோ சாமியெல்லாம் வரலைங்க, ஒடம்பு தானா இழுக்குது" என்று சொன்னாள். எனக்குக் கேட்டது, நான் பக்கத்தில்தான் நின்றேன். சாமி இப்படித்தான் ஒளிந்து பேசும் என்று இன்னும் நம்பினார்கள். அதற்கப்புறம் வெள்ளிக்கு வெள்ளி எங்கள் வீட்டு வாசலில் கூட்டம், காணாமல் போன ஆடு கிடைக்குமா, மகளுக்கு வரன் அமையுமா, போர் போட்டால் தண்ணீர் வருமா, எல்லாவற்றையும் என் அம்மாவின் நோயிடம் கேட்டார்கள். கொஞ்ச நாள் அழுதாள். அப்புறம் பதில் சொல்ல ஆரம்பித்தாள். "ஆடு வரும் போ, பொழுது சாயட்டும்." "அந்தப் பையன் வேணாம், அவன் நடக்குறதே சரியில்ல." "தண்ணி வரும், ஆனா ஒன் தம்பியையும் பங்குக்குச் சேத்துக்க." தனக்குத் தெரிந்த ஊர் நியாயத்தைத்தான் சொன்னாள், பாதி பலித்தது, பலிக்காததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு நடை போய்ப் பேச்சுப் போய்ப் படுக்கையில் விழுந்தபோது ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொல்லி யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு காலையில், கூட்டமெல்லாம் வருவதற்கு முன்னால், நான் அவள் முன்னால் போய் உட்கார்ந்து, மற்றவர்களை மாதிரியே கையைக் கூப்பிக்கொண்டு கேட்டேன், "அம்மா, எனக்கும் சாமி வருமா?" அம்மாவின் தலை ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் கண் ஆடாமல் என்னையே பார்த்தது. "ஊருக்குத்தாண்டி குறி. ஒனக்கு என்ன? எந்திரி, போய்ப் பல்ல வெளக்கு."

போய்ப் பல்லை விளக்கினேன். அதைத்தான் இன்றைக்கு வரைக்கும் செய்துகொண்டிருக்கிறேன், பல்லை விளக்கி, பாலை அளந்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, அண்ணனுக்குப் பிசைந்து ஊட்டி, ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தேன், இப்போது என் மாமியாரிலிருந்து ஆரம்பித்து எல்லாரும் என் இரத்தத்தின் முன்னால் வந்து உட்கார்ந்து கையைக் கூப்புகிறார்கள். சொல்லு தாயே, இருக்கா, இல்லையா. அத்தையைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், பிரசவத்தில் என் காலைப் பிடித்துவிட்டவள், அவள் கேட்கிறதும் நியாயம்தான், அடுத்த பிள்ளைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டாமா என்கிறாள். "இல்லைன்னு வந்துட்டா நிம்மதிடி." சரி அத்தை, இருக்கு என்று வந்தால்? அத்தை வெற்றிலையைத்தான் மடித்தாள், குணசீலன் எழுந்துபோய் வண்டியைத் துடைத்தார், ஏற்கனவே துடைத்த வண்டி. இருக்கு என்று வந்தால் என்ன என்று நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை, வெட்டவெளியில் நின்று நேராகவே பார்த்துவிட்டேன், அம்மா கிடந்த கட்டிலில் என்னை வைத்துப் பார்த்தேன், பிரகதி எனக்கு ஊட்டுவதைப் பார்த்தேன், அழுகை வந்தது, அழுதேன், அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன். அது இல்லை என் பயம். சொன்னால் சிரிப்பார்கள், என் பயம் அந்தப் பக்கத்தில் இல்லை, இந்தப் பக்கத்தில் இருக்கிறது. இல்லை என்று வந்தால்? இல்லை என்று வந்துவிட்டால் அத்தை கோயிலுக்குத் தேங்காய் உடைப்பாள், குணசீலன் என்னைத் தூக்கிச் சுற்றுவார், சாயங்காலம் நான் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டுக்குப் போவேன், அண்ணன் தனியாக உட்கார்ந்திருப்பான், அவன் வாய்க்குச் சோற்றைக் கொண்டு போகிற என் கை ஆடாது, இனிமேல் எப்போதுமே ஆடாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சோற்றை எப்படி ஊட்டுவது? இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், அவனுக்கு முதலில் வந்துவிட்டது, எனக்கு வரலாம், வராமல் போகலாம், அந்த 'லாம்' இருக்கிறதே, அதில்தான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணன் காபி டம்ளரைத் தட்டிவிட்டுப் பெண்ணின் அப்பா வேட்டியை நனைத்த கதையை அவன் சொல்லச் சொல்ல இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வரும், அந்தக் கல்யாணம் நின்று போனது, வேறு கல்யாணமும் இல்லை, ஆனால் அந்தக் கதையில் மட்டும் ஒவ்வொரு தடவையும் நனைகிற வேட்டியின் நீளம் கூடிக்கொண்டே போகும். இதையெல்லாம் கண்ணாடி போட்ட மேடத்திடம் சொல்லலாமா என்று நினைத்தேன். தப்பிப்பதற்குப் பயப்படுகிற ஆள் உண்டா மேடம்? இருக்கும், அவரிடம் நிறையப் பேர் வருவார்கள்.

ஹாரன். வந்துவிட்டார் பத்தர், நெற்றி நிறைய விபூதியும் முழங்கை வரைக்கும் கிரீசுமாக, "மன்னிக்கணும், மன்னிக்கணும், ட்யூபு வால்வே போயிருச்சு, எங்க பொண்ணு, எங்க மாமன்?" என்று கேட்டுக்கொண்டே மரத்தடியைப் பார்த்தவர் அப்படியே நின்றார். அண்ணனின் இரண்டு முட்டியும் மாறி மாறி எகிறிக்கொண்டிருந்தன, நாலு பேர் பார்த்தால் அவனுக்கு ஆட்டம் கூடும், அது அவனுக்கும் தெரிந்து இன்னும் கூடும். "இதுல எப்படிம்மா நான் ஊசி வைக்கிறது?" என்று பத்தர் கேட்டது அண்ணனுக்குக் கேட்காமல் இருக்க வேண்டுமென்று தாழ்ந்த குரலில்தான், ஆனால் அண்ணனுக்குக் கேட்டது. "பாப்பா," என்றான், என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான், பேச்சு குழைந்து வரும், எனக்கு மட்டும் தெளிவாகப் புரியும், "பாப்பா, பெரியப்பா மகனக் கூப்புடு. புள்ளைக்கு எதாச்சும் ஆயிடப் போவுது." அத்தை ஏற்கனவே பெரியப்பா மகனைத் தேடி எழுந்துவிட்டாள். நான் கரண்டியைப் பானையில் போட்டேன். சேலையை இழுத்துச் செருகினேன். "யாரும் எந்திரிக்க வேணாம்" என்றேன், இந்தத் தடவை சிரிப்பு முன்னால் வரவில்லை, எனக்கே ஆச்சரியம். நேராகப் போய் அண்ணனுக்கும் மரத்துக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்து, அவன் முதுகு என் நெஞ்சில் படுகிற மாதிரி இழுத்துச் சாய்த்துக்கொண்டு, என் இரண்டு காலாலும் அவன் காலைச் சுற்றி வளைத்து, ராத்திரி ஆட்டம் கூடும்போது அவனைத் தூங்க வைக்க இப்படித்தான் செய்வேன், இறுக்கிப் பிடித்தால் அவன் உடம்பு கொஞ்சம் அடங்கும், "வாடி பிரகதி, ஏறு" என்றேன். அவள் மாமா மடியில் ஏறி உட்கார்ந்தாள். என் கை இரண்டையும் அவன் கைக்கு மேல் சுற்றி அவளையும் சேர்த்துப் பிடித்தேன். ஒன்றுக்குள் ஒன்று வைத்த மூணு அடுக்குச் சட்டி மாதிரி நாங்கள் மூணு பேர். "இப்ப வைங்க பத்தரே."

பத்தர் சாமியைக் கும்பிட்டுவிட்டு வலது காதில் மையால் பொட்டு வைத்தார். ஊசி போனது, பிரகதி வீறிட்டாள், அத்தை அவள் வாயில் வாழைப்பழத்தைத் திணித்தாள், கம்பியை முறுக்கியாயிற்று. சரியாக நடுவில். இடது காதுக்குப் பொட்டு வைக்கும்போது அண்ணன் கழுத்தை என் பக்கம் திருப்பி மெதுவாகச் சொன்னான், "பாப்பா. ஒங் கை ஆடலடி." எத்தனை நாளாகப் பார்க்கிறான்? சோறு ஊட்டும்போதெல்லாம் இவனும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், அத்தை மாதிரி, குணசீலன் மாதிரி, ஆனால் இவன் பார்த்தது வேறு மாதிரி, இல்லை என்று வரட்டும் என்று. நான் யாரை விட்டுவிட்டுப் போகப் பயந்தேனோ அவன் என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறான். "வாய மூடுண்ணே, ஊசி வருது." "ஆடவே இல்ல. ஒனக்கு இல்ல." "நீ என்ன, அம்மா மாதிரி குறி சொல்றியா?" "ஆமா. தட்டுல காசு போடு." அவ்வளவுதான். அவன் வயிறு குலுங்கியது, என் வயிறு குலுங்கியது, மடியில் இருந்த பிரகதி அழுகையோடு அழுகையாகக் குலுங்கினாள், பத்தர், "ஐயய்யோ சிரிக்காதீங்கய்யா, சிரிக்காதீங்க, ஊசி ஏறிருச்சு!" என்று கத்தினார். இடது காதின் துளை பொட்டுக்கு ஒரு நூல் மேலே போய்விட்டது. பத்தர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அத்தை குனிந்து இந்தக் காதையும் அந்தக் காதையும் மாறி மாறிப் பார்த்து, "ஒண்ணு ஏறிப் போச்சே! நான் அப்பவே சொன்னேன், அவன் ஆட்டத்துல..." என்றாள். "யாரு ஆடினது அத்தை? அண்ணன் ஆடினாரா, நான் சிரிச்சதுல ஆடுச்சா, இவ திமிறினாளா? பத்தரே, நீங்க சொல்லுங்க." பத்தர் யோசித்தார். "யாருன்னு சொல்ல முடியாதும்மா, மொத்தமாத்தான் ஆடுனீங்க" என்றார். நான் மகளின் காதைப் பார்த்தேன். கம்மல் போட்டால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும்தான் இருக்கும், ஆயுசு முழுக்க. இருக்கட்டும். மாமன் மடியில் குத்தின காது.

இலை போட்டுப் பந்தி உட்கார்ந்தபோதுதான் அத்தை சொன்னாள், "நாளைக்கு மொத பஸ்ஸுக்கே கெளம்பிடணும், புள்ளைய நான் பாத்துக்கறேன்." நான் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் போகல அத்தை" என்றேன். அது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது, வாயிலிருந்து வெளியே வந்த பிறகு, வந்ததும் அது எத்தனையோ நாளாக உள்ளே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. குணசீலன் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். "போகலன்னா... என்னைக்குப் போவோம்?" "தெரியலங்க. போன்ல அந்த மேடத்துக்கிட்ட நானே சொல்லிடறேன், அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க." அவர் வாளியைக் கீழே வைத்தார். பாவம், நல்ல மனுஷன், பந்தியில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையே மறந்து, "எனக்குத் தெரியணுமே கோகிலா" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது. அதைக் கேட்கிற எவனும் அவருக்கு ஹண்டிங்டன் என்று சொல்லமாட்டான். "ஏங்க, தெரிஞ்சா என்னங்க பண்ணுவீங்க?" "என்ன பண்ணுவேன்... ஒன்ன நல்லாப் பாத்துக்குவேன்." "இல்லைன்னு வந்தா பாத்துக்க மாட்டீங்களா?" யாரோ சிரித்தார்கள், பந்தியின் கடைசியில். "தெரிஞ்சா என்ன செய்வீங்களோ அதைத் தெரியாமலே செய்யுங்க. இன்னொரு புள்ள வேணும்னு ரெண்டு பேருக்கும் தோணுற அன்னைக்கு ஒக்காந்து பேசுவோம், அன்னைக்குப் போகணும்னா நானே போய்க் கைய நீட்டுறேன். இல்ல, இவ வளந்து பெரியவளாகி எனக்குத் தெரியணும்மான்னு கேட்டா, இவ கையப் புடிச்சுக்கிட்டு நான் முன்னால போறேன். அதுவரைக்கும் என் ரத்தம் எனக்குள்ளயே ஓடட்டும். யாரும் அதுகிட்ட வந்து குறி கேக்க வேணாம்." அத்தை வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோபமா, வருத்தமா, நாளைக்கு வீட்டில் தெரியும், தெரியட்டும், பார்த்துக்கொள்ளலாம். குணசீலன் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார், இரண்டு இலை தள்ளிப் போய்த் திரும்பி என்னைப் பார்த்தார், கையை இல்லை, முகத்தை.

பிரகதி சிவந்த காதோடு சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, எனக்கும் மாமா மாதிரி ஆடுமா, சொல்லு." காலையில் தண்ணீர் ஊற்றி அணைத்தேனே, அணையவே இல்லை. "தெரியாதுடி." "ஒனக்கு?" "எனக்கும் தெரியாது." அவள் யோசித்தாள். தெரியாது என்பது அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, எட்டு வாய்ப்பாடுகூட அவளுக்குத் தெரியாதுதான். "மாமாவுக்கு மோர் வேணுமாம்" என்றாள். மோர் அண்டா மரத்துக்கு அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம், நடுவில் பந்தி முழுக்க இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, அத்தனை கண்ணும் இலையில் இல்லை என்று எனக்குத் தெரியும். டம்ளரை அண்டாவுக்குள் விட்டு மொண்டேன். முக்காலுக்குக் கை தானாக நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டேன். விளிம்பு வரைக்கும், விளிம்புக்கு மேலே மோர் லேசாகக் குமிந்து நிற்கிற வரைக்கும். இரண்டு வரிசைக்கும் நடுவில் அண்ணனைப் பார்த்து நடந்தேன், அவன் அங்கேயிருந்தே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தான். விரலில் ஜில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்க்கவில்லை.